உக்கிரபாண்டி கழுவிய கல்

டீக்கடையில் கழுவிக் கொடுக்கிற கிளாசை வாங்கி, இன்னொரு தரம் அலசிவிட்டுத்தான் டீக்கு நீட்டுவார் உக்கிரபாண்டி. "சீனியையும் அலசிப் போடவாண்ணே?" என்பான் கடைக்காரன் கிளாட்சன். "போட்டா நல்லதுதேன்லே" என்பார் இவர், சிரிக்காமல்.

முதுகுளத்தூர்ப் பக்கம் கூத்தையா மகன். தாய் உலகம்மாள் ஒரு குடம் தண்ணீருக்கு ஊர் விட்டு ஊர் நடந்தவள். விருந்தாளி வந்தால்தான் அந்த வீட்டில் செம்பைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். மற்ற நாளில் மணல் போட்டுத் துடைப்பதோடு சரி. அந்த வயிற்றில் பிறந்தவருக்கு உச்சிப்புளி ஷெட்டில், திறந்தால் கொட்டுகிற குழாய் கிடைத்தது. விடுவாரா? சைக்கிள், செருப்பு, பூட்டு, எல்லாம் குளிக்கும்.

ஷெட்டில் அவருக்குக் காவல் வேலை. ஆராய்ச்சிக்காகப் பூமியை ஆழத் துளைத்து எடுத்த உருளைக் கற்கள் அங்கே பெட்டி பெட்டியாக இருக்கும். போன பங்குனியில் மதுரையிலிருந்து மாலதி என்கிற ஆராய்ச்சி மாணவி, ஒரு பெட்டியைப் பார்க்க வருவதாகப் போன் வந்தது. கல்லெல்லாம் சேறு. வருகிற பிள்ளைக்கு இதையா காட்டுவது என்று குழாயடிக்குத் தூக்கிப்போனார். பிரஷ் போட்டுத் தேய்த்து, வெடிப்புக்குள் குச்சி விட்டு நோண்டி, வெயிலில் காயவைத்தார்.

மாலதி வந்து வெடிப்பைத் தடவிப் பார்த்தாள்.

"அண்ணே, போட்டோவுல இதுக்குள்ள சாம்பக் கலர்ல களிமண்ணு இருந்துச்சே?"

"அது பூராம் அலசிவிட்டேன் தாயி. வழுவழுன்னு, போகவே மாட்டேன்னுருச்சு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்றோ பூமி அந்த இடத்தில் பிளந்து நகர்ந்தபோது, பாறையும் பாறையும் உராய்ந்து புதிதாகப் பிறந்த மண் அது. அதன் வயதைக் கண்டால் பூமி நகர்ந்த காலம் தெரியும். வருஷக்கணக்காக அவள் தேடியது அதைத்தான். கல் எடுத்த துளையைச் சிமெண்ட் ஊற்றி அடைத்தாயிற்று. வேறு கல் கிடையாது.

உக்கிரபாண்டி ஓடிப்போய் பிரஷை எடுத்து வந்தார். நாருக்குள் அப்பியிருந்த மண்ணைக் காட்டி, "இது ஆகாதா தாயி?" என்றார். பெட்டியிலிருந்த எல்லாக் கல்லின் சேறும் அதில் கலந்து கிடந்தது.

"ஆகாதுண்ணே" என்றாள். வையவில்லை. வைதிருந்தால் தேவலை.

"கோடி வருஷமா அங்கன ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. நாந்தேன் ஒரு மத்தியானத்துல..." என்று இப்போதும் கிளாட்சனிடம் ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார்.

சாயங்காலமானால் ஷெட்டுத் தரையைக் கழுவிவிடுகிறார். பெட்டிகள் பக்கம் மட்டும் தண்ணீரைக் கொண்டுபோவதில்லை. சுவர் ஓரம் வந்ததும், ஆணியில் தொங்குகிற அந்தப் பிரஷின்மேல் ஒரு சொட்டும் தெறித்துவிடாதபடி, உள்ளங்கையை விரித்து மறைத்துக்கொள்கிறார்.