பிளகின் நிறுவப் போய் நான் கண்டது

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் உள்ள எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் இணையத்தளத்தைக் கவனிப்பது நான்தான். இன்று மதிய இடைவேளையில், போட்டிப் பதிவுக்காக ஒரு புதிய பிளகினை, அதாவது தளத்தோடு சேர்க்கும் சிறு மென்பொருளை, நிறுவப் பார்த்தேன். மூன்று தடவையும் பிழைச் செய்திதான் வந்தது.

தளத்தை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அழைத்தேன்.

"உங்களுக்குத் தந்த இடம் நிரம்பிவிட்டது. பழைய படங்களை அழியுங்கள்" என்றார் ஒரு டேனிஷ் பெண்.

படங்கள் இருந்த இடத்தைத் திறந்தேன். இந்த நாட்டில் எல்லோருக்கும் அரசு தரும் மஞ்சள் மருத்துவ அட்டைகள், நூற்றுக்கணக்கில், எல்லாம் கழகப் பிள்ளைகளுடையவை. பெயர், வீட்டு முகவரி, சிபிஆர் எனும் தேசிய அடையாள இலக்கம், எல்லாம் தெளிவாக. ஒரு படத்தின் இணைப்பைக் கைபேசியில் தட்டினேன். கடவுச்சொல் கேட்காமலே என் மகளின் அட்டை திறந்தது.

கழகத் தலைவர் சிவா அண்ணைக்கு எடுத்தேன்.

"அண்ணை, பிள்ளையளின்ர மருத்துவ அட்டையெல்லாம் ஆரும் பாக்கக்கூடிய மாதிரிக் கிடக்குது! அட்டையைப் படமெடுத்து ஏத்தச் சொல்லுற இந்தப் பதிவுப் படிவத்தை ஆர் செய்தது?"

"தங்கச்சி, வயசு பாக்கிறதுக்கெண்டு மூண்டு வருசத்துக்கு முன்னம் நீங்கள்தானே செய்தனீங்கள்?"

நான்தான். மறந்தே போயிருந்தேன்.

தளத்தை உடனே மூடினேன். தரவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிவித்தேன். பெற்றோருக்கு நடந்ததை எழுதி, செய்தது நான் என்றும் சேர்த்தேன். ஒரு தாய் பதில் போட்டார்: "சொன்னதுக்கு நன்றி. எத்தினை பேர் பாத்திருப்பினம்?"

தெரியாது என்றே எழுதினேன்.

உங்கள் கழகத்தின் தளத்தை யார் கவனிக்கிறார்? பிள்ளைகளின் விபரங்கள் அங்கே திறந்து கிடக்கின்றனவா என்று இன்றைக்கே அவரைக் கேளுங்கள். அது நீங்களேயென்றால் கீழே எழுதுங்கள், சேர்ந்தே பயந்து வியர்ப்போம்.