ஷாஃப்ட் இல்லை

எங்கள் கோலார் தங்கவயலில் கறுப்பாக எதைக் காட்டினாலும், பாதாளத்துக்கு ஆள் இறங்கிய ஷாஃப்ட் என்றே சொல்வார்கள். சுரங்கத்தை மூடிப் பல வருடங்களாகியும் இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. என் அத்தையின் படத்துக்கும் அதே கதிதான் நேர்ந்தது.

அத்தை தினமும் ரயிலில் பெங்களூர் போய் வேலை பார்த்தவர். லீவு நாட்களில் படம் வரைவார். அதில் பூவோ முகமோ இருக்காது, வெறும் வண்ணங்கள்தான். அந்த வருடம் சர்ச்சில் நடந்த அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் பூசணிக்காயும் கோழியும் கேக்கும் காணிக்கையாகக் கொண்டுவர, இவர் ஒரு படத்தைக் கொண்டுவந்து வைத்தார். முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் கோபமாக ஒரு சிவப்புக் கீற்று.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைகளை ஏலம் விட்டவர் பெரியப்பா, அத்தையின் மூத்த அண்ணன். சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர். படத்தைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க, நம்ம அப்பாங்க எறங்குன ஷாஃப்ட்டு! அந்தச் செவப்பு இன்னா? ஆளுங்கள எறக்குற கேஜு லைட்டு!"

கூட்டம் உருகிவிட்டது. அதுவரை கோழிக்குக் கஞ்சத்தனம் பார்த்தவர்கள் போட்டி போட்டு விலையை ஏற்றினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை எழுந்தார். "ஷாஃப்ட்டு இல்லண்ணா."

"பின்ன இன்னாம்மா?"

"என் மனசுல இருந்தது. அதுல எந்த ஆம்பளையும் எறங்கல."

பெரியப்பாவின் முகம் சுண்டிப்போனது. "ஷாஃப்ட்டுனே இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கு இன்னா நஷ்டம்?"

"எனக்குத்தான் நஷ்டம்."

அதற்குப் பிறகு ஒருவரும் விலை கேட்கவில்லை. காணிக்கையைத் திருப்பி எடுக்கவும் முடியாது, ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். பெரியப்பா படத்தைப் பூசணிக்காய்களுக்குப் பின்னால் தள்ளப் போனார். அத்தை கையை உயர்த்தித் தன் படத்தைத் தானே கேட்டார், ஷாஃப்ட்டுக்குக் கடைசியாக வந்த விலையைவிடக் கூட்டி. அந்தத் திமிர் எனக்கு இன்றும் பிடிக்கும்.

வீட்டுக்குப் போகும் வழியில் படத்தின் ஒரு பக்கத்தை நான் பிடித்திருந்தேன்.

"சரின்னு விட்டிருந்தா யாராவது அவங்க வீட்டுல மாட்டியிருப்பாங்களே அத்தை?"

"மாட்டியிருப்பாங்க. அவங்க ஷாஃப்ட்ட. என் படத்த இல்ல."

இரண்டும் ஒன்றுதானே என்று எனக்குக் குழப்பம். கேஜ் எங்கேயாவது தெரிகிறதா என்று அந்தக் கறுப்புக்குள் தேடிக்கொண்டே நடந்தேன்.