கட்டி வாங்கிய மார்க்

அக்காவின் மார்பிலிருந்து எடுத்த கட்டியில் ஒரு துண்டு விமானமேறி ஏதோ ஒரு வெளிநாட்டு லேபுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கோ அதே நாட்டின் மறுகோடியில் இருக்கும் ருவைஸிலிருந்து அவளிருக்கும் ஷார்ஜாவுக்குப் போக லீவு கிடைத்தபாடில்லை. பிளாண்டை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை. அந்த நேரத்தில் லீவு என்று வாயைத் திறந்தாலே எங்கள் ஃபோர்மேன் காது கேட்காதவராகிவிடுவார்.

ஆபரேஷன் முடிந்திருந்தது. ஹார்மோனால் வளரும் வகைக் கட்டி, அக்குளுக்குப் பரவவில்லை என்று சொல்லியிருந்தார்கள். இனி கீமோ கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த ஜீன் டெஸ்ட். ஜீன் என்றதும் நான் குடும்பத்தைத் தோண்ட ஆரம்பித்துவிட்டேன். எந்தச் சித்திக்கு என்ன வந்தது, அப்பா வழியில் யார் எதனால் போனார்கள் என்று ஊருக்குப் போன் போட்டு எல்லோர் வயிற்றிலும் புளியைக் கரைத்தேன். கடைசியில் அக்காதான் அதட்டினாள்.

"டேய், பரம்பரையா வருதான்னு ரத்தத்துல பாக்கறது வேற டெஸ்டு. இது கட்டியோட ஜீனைப் பாக்கறது. திரும்ப வர்றதுக்கு எவ்வளவு வாய்ப்பு, கீமோ போட்டா பிரயோஜனம் இருக்குமான்னு அதுல தெரியும். டாக்டரம்மா படம் போட்டே காட்டுச்சு."

நோய் அவளுக்கு, பாடம் எனக்கு. அவள் அப்படித்தான். ஷார்ஜாவில் அவள் இருக்கும் பில்டிங்கில் பாதிப் பிள்ளைகளுக்கு அவள்தான் கணக்கு டியூஷன். தொண்ணூற்றெட்டு வாங்கி வருகிற பிள்ளையிடமும் மீதி ரெண்டு எங்கே என்பாள்.

பிளாண்டுக்குள் செல்போன் கூடாது. கேட் பக்கத்து லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டீ நேரத்தில் மற்றவர்கள் நிழலுக்கு ஓடினால் நான் லாக்கருக்கு ஓடினேன். ஒன்றும் வந்திருக்காது. "பைட்டோ நா, பாய்" என்பான் கூட வேலை செய்யும் பீகார்க்காரன். எனக்கு உட்காரத்தான் முடியவில்லை. ரூமிலும் இருப்புக் கொள்ளவில்லை. சும்மா இருக்க முடியாமல் கடைக்குப் போய் ஒரு ஜூஸர் வாங்கினேன். கீமோ என்றால் முடி கொட்டுமே என்று மெல்லிய பருத்தித் தொப்பிகளும் வாங்கினேன். கீமோ உண்டு என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு மத்தியானம் லாக்கரைத் திறந்தபோது அத்தானின் வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. "மாப்ள, ரிசல்ட் வந்துருச்சு. நூத்துக்குப் பதினொண்ணுதான் போட்டுருக்கு. டாக்டர் நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஒங்க அக்கா பேசவே மாட்டேங்குறா."

பதினொன்று. எங்கள் வீட்டில் யாரும் வாங்காத மார்க். ஃபோர்மேனிடம் போய் அழுதேனா சண்டை போட்டேனா, இன்றைக்கும் நினைவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யல்லா, ஜாவ்" என்று கேட் பக்கம் கைகாட்டினார்.

மறுநாள் டாக்டர் அறையில் நாங்கள் மூன்று பேரும் ஃபெயிலான பிள்ளைகளைப் போல உட்கார்ந்திருந்தோம். டாக்டர் மலையாளி. எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"இது பரீட்சை இல்லா. இதில குறைஞ்ச மார்க்தான் நல்லது. இவங்க வயசுக்கு, இந்த மார்க்குக்கு, கீமோ போட்டாலும் பெரிசா லாபம் இல்லா. ரேடியேஷன் இருக்கு. அப்புறம் வருஷக்கணக்கில மாத்திரை. அது போதும்."

அத்தான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கோ கோபம் வந்தது.

"எதுக்கும் இருக்கட்டுமேன்னு ஒரு ரெண்டு தடவை போட்டுடலாமே டாக்டர்?"

"கீமோ டானிக் இல்லையே. உடம்பு முழுக்கத் தொடும். லாபம் இருந்தா அந்தக் கஷ்டத்தைப் படச் சொல்லலாம்."

"திரும்ப வராதுன்னு சொல்லுங்க, விட்டுடறேன்."

"அப்படி யாராலயும் சொல்ல முடியாது. கீமோ போட்டாலும் சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்தும் நான் அடங்கவில்லை. வேறு டாக்டரைப் பார்க்கலாம், அபுதாபியில் பார்க்கலாம் என்று ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அக்கா என் பையைப் பிரித்து ஜூஸரை வெளியே எடுத்தாள். பிறகு தொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தாள்.

"கீமோ எனக்கு வேணுமா, ஒனக்கு வேணுமாடா?"

கீமோ என்றால் நான் ஜூஸ் பிழிந்திருப்பேன், அவள் வாந்தி எடுத்தால் பாத்திரம் பிடித்திருப்பேன், லீவு லீவு என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். இப்போது அவளுக்கு வேண்டியது தினம் ஒரு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும். அதற்கு நான் எதற்கு?

"எனக்குத்தான்," என்றேன்.

"எனக்கும் பயமாத்தான்டா இருக்கு. பயத்துக்கெல்லாமா கீமோ போட முடியும்?" ஒரு தொப்பியை விரித்து என் தலையில் மாட்டிவிட்டாள். "வெயில்ல ஹெல்மெட்டுக்குள்ள போட்டுக்க. வேர்வைக்கு நல்லது."

இப்போதும் டீ நேரத்தில் லாக்கருக்குத்தான் ஓடுகிறேன். 'மாத்திரை போட்டாச்சு' என்று ஒரு வரி வந்திருக்கும். அதைப் படித்த பிறகுதான் ஹெல்மெட்டைக் கழற்றி, அவள் தலைக்கென்று வாங்கிய தொப்பியால் என் முகத்தைத் துடைத்துக்கொள்கிறேன்.