சாச்சியின் கிணறும் நாலாம் வகுப்புத் தோட்டமும்

மகன் பாடசாலையிலிருந்து ஒரு யோகட் கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். உள்ளே மண். மண்ணுக்குள் ஒரு பயற்றங்கொட்டை. முளைத்ததும் படம் வரைந்து கொண்டுபோக வேண்டுமாம். நான் அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அவன் கோப்பையைக் குழாய்க்குக் கீழே பிடித்து, தண்ணீரை முழுசாகத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. "போதும்! மூடு! கிணறு கெட்டுப்போகும்!" என்று நான் கத்திய கத்தலில் பிள்ளை விறைத்துப்போய் நின்றான்.

"கிணறா? இது பைப் தானே உம்மா?"

பைப்தான். எங்கள் வீட்டில் கிணறே கிடையாது. ஆனால் ஈர மண்ணின் அந்த வாசம் மூக்கில் ஏறியதும் என் நாக்கில் உப்புக் கரித்தது. எதற்கென்று சொல்கிறேன். சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். எனக்கு இன்னும் முழுசாகச் சிரிப்பு வரவில்லை.

முதல் நியமனம் எனக்குக் கரைத்தீவுப் பக்கம், கடல்நீர்க் களப்பை ஒட்டிய ஒரு சின்னப் பாடசாலையில் கிடைத்தது. நான் புத்தளம் டவுனில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. மரக்கறி என்றால் கடையில் சாக்கில் வரும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வெண்டிக்காய் மேல் பார்த்துக் காய்க்குமா கீழ் பார்த்துக் காய்க்குமா என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். அப்படிப்பட்ட என்னைக் கூப்பிட்டு அதிபர் ஐந்து சின்னக் காகித விதைப் பக்கெற்றுகளைக் கையில் வைத்தார். "நாலாம் வகுப்பு ஒங்கட. தோட்டமும் ஒங்கட" என்றார். முடியாது என்று சொல்லும் தைரியம் எனக்கு அப்போது இல்லை. இப்போதும் பெரிதாக இல்லை.

வெண்டி, பயற்றை, தக்காளி, கொச்சிக்காய் என்கிற மிளகாய், வத்தகை என்கிற தர்ப்பூசணி. இருபத்திரண்டு பிள்ளைகள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. எல்லாரும் கடலுக்கும் உப்பளத்துக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். முதல் நாள் ஒரே குழிக்குள் ஒரு பக்கெற் தக்காளி விதையையும் கொட்டி மூடினோம். பக்கெற்றுக்குப் பின்னால் எழுதியிருந்ததை வாசித்துவிட்டுத் தோண்டி எடுத்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். மூன்றாம் நாள் ஒன்றும் முளைக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு நானே ஒரு பயற்றங்கொட்டையைத் தோண்டிப் பார்த்து, திரும்பப் புதைத்தேன். மறுநாள் இன்னொன்று. ஐந்தாம் நாள் முளைத்தபோது நான் தோண்டிப் பார்த்த இரண்டும் மட்டும் முளைக்கவில்லை. "அது ரெண்டும் மௌத்தா டீச்சர்?" என்று ரிஸ்னா கேட்டாள். ஓம் என்றேன். யார் கொன்றது என்று சொல்லவில்லை.

தண்ணீருக்கு சாச்சியின் கிணறு. பாடசாலை வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய வீடு. ஊரே அவரைச் சின்னம்மா முறை வைத்துச் சாச்சி என்றுதான் கூப்பிடும். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து தோணியில் வந்து இறங்கியவர். அந்தக் கிணற்றைத் தோண்டியது அவருடைய கணவர். அவர் மௌத்தான பிறகு சாச்சி இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். சுற்றி இருந்த ஏழு வீடும் குடிக்கவும் சமைக்கவும் அந்தக் கிணற்றில்தான் அள்ளும். மற்றக் கிணறுகளெல்லாம் உப்பு. ஒவ்வொரு நாளும் இடைவேளைக்கு ஒரு கிளாஸ் பிளேன்டி வேலிக்கு மேலால் எனக்கு வரும். பால் விடாமல் இஞ்சி தட்டிப்போட்ட தேநீர். அந்தத் தண்ணீருக்கு அப்படி ஒரு இனிப்பு, சீனி பாதி போதும்.

"வாளிய மெல்ல இறக்கி மேத்தண்ணிய மட்டும் அள்ளுங்க டீச்சர்," என்று முதல் நாளே சொன்னார். "மேல கிடக்கிறது மழத்தண்ணி. கீழ கடல் படுத்திரிக்கி. அத எழுப்பிப் போடாதீங்க." தலையாட்டினேன். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஆள்.

கச்சான் காற்று தொடங்கியது. அந்தக் காற்றை நீங்கள் அனுபவித்திருக்க வேண்டும். உடுப்பு காயப்போட்டுத் திரும்புவதற்குள் மணல் பூசிவிடும். காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்குக் காய்ந்தது. வத்தகைக் கொடி துவண்டு கிடந்தது. அந்த நேரம் பார்த்து, வலயக் கல்விப் பணிமனையிலிருந்து அதிகாரி சேர் ஒருவர் திங்கட்கிழமை தோட்டம் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. கனவிலும் துவண்ட கொடிதான்.

சனிக்கிழமை பிள்ளைகளை வரச் சொன்னேன். ரிஸ்னாவின் வாப்பா வெங்காயத் தோட்டம் செய்கிற மனிதர். அவரிடம் தண்ணீர் பம்ப் ஒன்று கேட்டு வாங்கினேன். சாச்சி அன்று மகளைப் பார்க்கக் கற்பிட்டிக்குப் போயிருந்தார். அவரிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். ரிஸ்னாவின் வாப்பா கிணற்றில் பம்பைப் பூட்டி, நிறுத்துகிற சிவப்புப் பொத்தானையும் காட்டினார். "கால் மணித்தியாலம் போதும் டீச்சர். அதுக்கு மேல வாணாம்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குப் போனார்.

கால் மணித்தியாலத்தில் கொடி தலை தூக்கத் தொடங்கியது. பிள்ளைகள் ஓஸ் பைப்புக்குக் கீழே நனைந்து கூத்தாடினார்கள். இன்னும் பத்து நிமிஷம் என்று நினைத்தேன். பிறகு இன்னும் ஒரு பத்து நிமிஷம். அந்தச் சிவப்புப் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இரண்டு மணித்தியாலம் கழித்து அவர் சைக்கிளில் வந்து, "யா அல்லாஹ், இன்னமும் ஓடுதா!" என்று குதித்துப் போய் நிறுத்தினார். கிணற்றை எட்டிப் பார்த்தார். பம்பைக் கழற்றிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை சேர் வந்தார். தோட்டம் பச்சைப் பசேலென்று நின்றது. "மாஷா அல்லாஹ், டவுன் புள்ள செஞ்ச வேலையா இது?" என்று அதிபரே கேட்டார். நான் பூரித்துப்போய் நின்றேன். அந்த நேரம் வேலியடியில் சாச்சி. கையில் தட்டம், தட்டத்தில் மூன்று கிளாஸ் பிளேன்டி. வழக்கமாக வேலிக்கு மேலால் நீட்டுகிறவர் அன்று சுற்றி வந்து, படலையைத் திறந்து, எனக்கு முன்னால் இருந்த மேசையில் வைத்தார்.

சேர் ஒரு மிடறு குடித்தார். முகம் ஒரு மாதிரிப் போனது. கிளாஸை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, நேரமாகிறது என்று கிளம்பினார். நான் என்னுடையதைக் குடித்தேன். களப்புத் தண்ணீரில் தேயிலை போட்ட மாதிரி இருந்தது.

"முழுசாக் குடிங்க டீச்சர்," என்றார் சாச்சி. சத்தம் போடாமல்தான் சொன்னார். "ஏழு வீடும் இதத்தான் குடிக்கிது."

குடித்தேன். கிளாஸின் அடி வரை. மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள் அவர் கிளாஸுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகுதான் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சுபஹுக்கு அவித்த இடியப்பம் முழுவதும் திரும்பி வந்ததாம். அடுத்த நாளிலிருந்து அரைக் கட்டை தூரம் தள்ளிப் பள்ளிவாசல் தாங்கியில் தண்ணீர் பிடித்து, இரண்டு கலனைச் சைக்கிளில் கட்டி, மணலில் தள்ளிக்கொண்டு வந்தார். நான் பஸ்ஸால் இறங்கி நடக்கும் நேரமும் அவர் சைக்கிள் தள்ளும் நேரமும் ஒன்று. நான் மறுபக்கத்தால் சுற்றிப் போனேன். வெட்கக்கேடு, என்ன செய்ய.

எனக்குப் பிளேன்டி வருவது நின்றது.

புதன்கிழமை செடிகளின் இலை நுனி கருகத் தொடங்கியது. அவையும் அந்தக் கடலைத்தானே குடித்தன. தோட்டத்துக்கு இனிக் கிணற்றில் ஒரு சொட்டும் அள்ளக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவோம் என்றும் சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் சிஹான் என்ற பொடியன் கை தூக்கினான். பகல் ஓதப்போகுமுன் பிள்ளைகள் முகம் கை கால் கழுவி ஒழு எடுக்க, பள்ளிவாசல் தாங்கியில் பிடித்த தண்ணீரை ஆளுக்கொரு போத்தல் வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். "டீச்சர், நாங்க செடிக்குப் பக்கத்தில குந்தி ஒழு எடுத்தா என்ன?"

மௌலவியிடம் கேட்டேன், தாராளமாக எடுக்கலாம் என்றார். அப்படித்தான் அந்தத் தோட்டம் பிழைத்தது. ஒவ்வொரு நாளும் லுஹருக்கு முன் இருபத்திரண்டு பேரும் வரிசையாகக் குந்துவார்கள். முகம் கழுவிய தண்ணீர் வெண்டிக்கு, கால் கழுவிய தண்ணீர் கொச்சிக்காய்க்கு. இடையில் காற்றுப் பிரிந்து ஒழு முறிந்தவர்கள் மட்டும் திரும்ப எடுக்க வேண்டும். சிஹானுக்கு வத்தகையில் ஆசை. ஒருமுறை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து குந்துவான், பிறகும் வருவான். மற்றவர்களின் போத்தலில் மிஞ்சியதையும் கேட்டு வாங்குவான். "ஒனக்கு எத்தின தரம்டா ஒழு முறியிது?" என்று ரிஸ்னா கேட்டாள். வகுப்பே உருண்டு சிரித்தது. அந்த மாதத்தில் நான் சிரித்தது அன்று மட்டும்தான்.

என் மனமெல்லாம் கிணற்றில் கிடந்தது. வரவுப் பதிவு முடிந்ததும் ஒரு பிள்ளை வேலி தாண்டிப் போய்க் கிணற்றில் மெல்ல வாளி இறக்கி ஒரு கையளவு அள்ளி, நாக்கில் வைத்துப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். எனக்குப் போக முகமில்லை. "உப்பு, டீச்சர்." அடுத்த நாள், "உப்பு." ரிஸ்னா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உப்புத்தான், ஆனா நல்ல உப்பு" என்பாள். இது திரும்பாமலே போய்விட்டால்? ஒரு பாராட்டுக்காக ஏழு வீட்டின் தண்ணீரைக் கெடுத்தவள் என்று என் பெயர் நிற்குமே. தொழுகையில் என்ன ஓதுகிறேன் என்றே மறந்து போகும்.

முதல் வெண்டிக்காய்கள் பதினொன்று. பிள்ளைகள் என்னைக் கேட்காமலே அவற்றைச் சாச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சாச்சி ஒன்றை முறித்து மென்றார். "ஒங்கட டீச்சர்ட வெண்டிக்கி உப்புப் போடத் தேவல்ல" என்றார். பிள்ளைகள் ஓடிவந்து அதை எனக்கு நற்செய்தி மாதிரிச் சொன்னார்கள். ஏச்சா பகிடியா என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன். வத்தகையிலும் ஒரே ஒரு பழம் பிடித்தது, தோடம்பழம் அளவு. இருபத்திரண்டாக வெட்ட முடியாமல் எல்லாரும் ஆளுக்கொரு தரம் நக்கினார்கள்.

மாரி மழை பிந்தித்தான் வந்தது. வந்தபோது மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் இடைவேளைக்கு வேலிக்கு மேலால் ஒரு கை நீண்டது. கையில் பிளேன்டி.

கிளாஸை வாங்கி அங்கேயே நின்று குடித்தேன். சாச்சி என் முகத்தையே பார்த்தார்.

"கரிக்கிதா?"

"கொஞ்சம், சாச்சி."

"பொய் செல்லத் தெரியாத புள்ள," என்றார். "இன்னும் ரெண்டு மாரி பெய்யணும். மூணாவது மாரிக்கித்தான் பழைய தண்ணி வரும். அவசரப்பட்டு ஒண்டும் ஆகாது மகள்."

அதுவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டவர். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; பார்க்கட்டும் என்று விட்டேன்.

அடுத்த வருஷம் இரண்டாவது மாரி பெய்தது. கரிப்பு நன்றாகக் குறைந்திருந்தது. அடுத்த மாசி மாதம் சாச்சியின் மகன் லொறியோடு வந்தான். மன்னாரில் பழைய காணியைத் துப்புரவாக்கி ஒரு அறை கட்டியிருந்தார்கள். கதிரை, அலுமாரி, இடியப்ப உரல் எல்லாம் ஏறியது. ஏற முடியாதது கிணறு. சாச்சி கடைசியாக ஒரு வாளி அள்ளி, வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு, "கிணத்தப் பாத்துக்கங்க மகள்" என்றார். நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். அந்த ஆவணியில் எனக்கு டவுனுக்கு இடமாற்றம் வந்தது. கலியாணம் பேசியிருந்தார்கள், வீட்டுக்குக் கிட்ட வேலை என்று எல்லாருக்கும் சந்தோசம். எனக்கும் சந்தோசம்தான். மூன்றாவது மாரி பெய்தபோது நான் அங்கே இல்லை.

யோகட் கோப்பை வந்த அந்த வாரம், வெள்ளிக்கிழமை பின்னேரம் மகனையும் கூட்டிக்கொண்டு கரைத்தீவுக்குப் போனேன். தோட்டம் இருந்த இடத்தில் சீமெந்து போட்டு வான் வண்டி நிறுத்துகிறார்கள். வேலி மதிலாகிவிட்டது. ஏழு வீட்டில் நாலு வீட்டுக்காரர் வடக்குக்குப் போய்விட்டார்கள். மிச்ச வீடுகளிலும் எனக்குத் தெரிந்த முகம் இல்லை. எல்லா வாசலிலும் குழாய். சாச்சியின் முற்றத்தில் கிணறு இருந்தது, வாயில் கொங்கிரீற் மூடி. மூடிக்கு மேல் கொச்சிக்காய் காயப்போட்டிருந்தது.

கைக்குழந்தையோடு ஒரு இளம் பெண் வெளியே வந்தாள். நான் யார் என்று சொன்னேன். பிறகு கேட்டேன், "இந்தத் தண்ணி இப்ப எப்பிடி? கரிக்கிதா?"

அவள் மூடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தெரியா டீச்சர்," என்றாள். "நாங்க வரக்குள்ளயே மூடித்தான் கிடந்திச்சி. ஒரு நாளும் அள்ளிப் பாத்ததில்ல."