முதல் பக்கத்துக் கடைசிப் பாட்டு

போர் முடிந்த அந்த வருடம் நான் ஐந்து பாடகர்களை வெறுத்தேன். அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்தவர்கள் அல்லர். எழுபதுகளில் 'சோல்' என்ற வகைப் பாட்டுப் பாடிப் புகழ்பெற்ற அமெரிக்கக் கறுப்பினக் குழு. அவர்களுடைய ஓர் இசைத்தட்டை என் அக்காவின் கணவர், டென்மார்க்குக்கு அகதியாக வந்த புதிதில், பழைய சாமான் கடையொன்றில் வாங்கியிருந்தார். அட்டையில் ஐவரும் அகன்ற கொலர் வைத்த செம்மஞ்சள் கோட் போட்டு ஒரு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அத்தான் அந்தத் தட்டைக் கசெட்டில் பதிந்து காரில் வைத்திருந்தார். அந்தக் காரில்தான் நான் வேலைக்குப் போகவேண்டியிருந்தது.

பிராண்டேயில் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருவரும் வேலை செய்தோம். எனக்கு லைசென்ஸ் இல்லை. எங்கள் சிற்றூரில் இருந்து அந்த நேரத்துக்கு பஸ்ஸும் இல்லை. கார் கிளம்பியதும் கசெட் தொடங்கும். தொழிற்சாலை வாசல் வரும்போது முதல் பக்கம் முடியும்.

அந்தத் தட்டில் இரண்டு பாட்டுகள்தான் உலகம் முழுக்க ஓடியவை. சிறிய தட்டுகளாகத் தனியே வந்து விற்றுத் தீர்ந்தனவாம். ஒன்று, கைதட்டலோடு தொடங்கும் முதல் பாட்டு. மற்றது, முதல் பக்கத்தின் கடைசியில் வரும் மெதுவான பாட்டு. அதில் ஒருவர் பெண்குரல்போல உச்சத்துக்கு ஏறிக் கெஞ்சுவார். மற்ற நால்வரும் பின்னால் நின்று அவரை ஆற்றுவார்கள். அத்தான் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி அடிக்குரல்காரரோடு சேர்ந்து பாடுவார்.

"ஹிட்டான ரெண்டை மட்டும் கேக்கிறவனுக்கு இந்தத் தட்டு விளங்காது. நடுவிலை கிடக்கிறதுகளையும் கேக்கவேணும்" என்பார்.

நான் யன்னலுக்கு வெளியே பார்ப்பேன். வீட்டைவிட்டுப் போன ஒரு பெண்ணைத் திரும்பி வரச்சொல்லி அழுவதற்கு ஐந்து ஆண்கள் தேவைப்பட்டது எனக்கு அருவருப்பாக இருந்தது.

என் தம்பி அப்போது வன்னியில் இருந்தான். மாசி மாதத்தோடு அவனுடைய தொலைபேசி நின்றுபோனது. விடிய எழும்பி, கணினியில் வரும் படங்களில் கிடத்தியிருக்கும் உடல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, அவன் முகம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நான் தேத்தண்ணீர் குடிப்பேன். பிறகு காரில் ஏறுவேன். கைதட்டல் தொடங்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அத்தான், இண்டைக்கு மட்டும் இதை நிப்பாட்டுங்கோ. செய்தி கேப்பம்."

"செய்தி கேட்டு நீர் என்ன செய்யப்போறீர்? சண்டையை நிப்பாட்டப்போறீரோ?"

"என்ரை தம்பி அங்கை நிக்கிறான்."

"ஓம், நிக்கிறான். சனத்தை வெளியிலை போகவிடாமல் மறிச்சு வைச்சிருக்கிறது ஆர்? அதை உம்மடை செய்தி சொல்லுமோ?"

அவர் கைநீட்டிச் சத்தத்தைக் கூட்டினார்.

எண்பதுகளில் அவருடைய தம்பியை, இப்போது வன்னியில் சண்டைபிடிக்கும் அதே இயக்கம் சுட்டது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை. என்றைக்கோ செத்த ஒருவனைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, தினமும் சாகும் ஆயிரம் பேரை மறு தட்டில் வைத்து நிறுக்கிறாரே இந்த மனிதர் என்று நினைத்தேன். அன்றோடு காரில் எங்கள் பேச்சு நின்றது. கொப்பன்ஹேகனில் நடந்த ஊர்வலத்துக்கு நான் ரயிலில் போனேன். அவர் வரவில்லை, அக்காவையும் விடவில்லை.

வைகாசியில் என் பெறாமகளான அக்காவின் மகளுக்குக் கொன்பர்மேஷன் வந்தது. இங்கே பிள்ளைகள் தேவாலயத்தில் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் நாள் அது. அதன் பிறகு நடக்கும் விருந்து கலியாண வீட்டுக்குக் குறையாது. அந்த நாட்களில் வன்னியில் சனமெல்லாம் கடற்கரையோரத் துண்டு நிலமொன்றில் அடைபட்டுக் கிடந்தது. கொண்டாட்டம் எதுவும் வேண்டாம் என்று எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அத்தான் மண்டபம் எடுத்துவிட்டார். அக்கா என் வீட்டுக்கு வந்து நின்று அழுதாள்.

"பிள்ளைக்கு நீ ஒருத்திதானே சித்தி. நீயும் வராட்டில் அவள் என்ன நினைப்பாள்?"

நான் கறுப்புச் சேலை உடுத்திக்கொண்டு போனேன்.

மண்டபத்தில் பாதி மேசைகள் வெறுமையாக இருந்தன. தமிழர்களுக்கென்று போட்ட மேசைகள். மற்றவற்றில் தொழிற்சாலை ஆட்களும், பெறாமகளுடைய வகுப்புப் பிள்ளைகளும், அயலவர்களும் இருந்தார்கள். சாப்பாடு முடிய அத்தான் எழுந்து டேனிஷ் மொழியில் பேசினார். இந்த நாட்டில் தனக்கு முதலில் கிடைத்த சிநேகிதர்கள் இந்த ஐந்து பேரும்தான் என்று அட்டையை உயர்த்திக் காட்டினார். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளேயரில் தட்டைப் போட்டு, முதல் பக்கத்துக் கடைசிப் பாட்டின்மேல் ஊசியை வைத்தார். வெள்ளை உடுப்பில் நின்ற மகளின் கையைப் பிடித்து ஆடத் தொடங்கினார்.

அந்த உச்சக்குரல் மண்டபம் முழுவதும் ஏறியது. நான் எழுந்து போனேன். போகும்போது கதிரை ஒன்றைத் தட்டிவிழுத்தியது நினைவிருக்கிறது. ஊசியைத் தூக்கினேன். தட்டில் கீறல் விழுந்த சத்தம் ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டது.

பெறாமகள் டேனிஷில் கத்தினாள், ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று. அத்தான் அவளுடைய கையை விடாமல் என்னைப் பார்த்தார். தமிழில்தான் பேசினார், அதுவும் மெதுவாக.

"என்ரை தம்பியைச் சந்தியிலை வைச்சுச் சுட்ட அண்டைக்கு உங்கடை வீட்டிலை பாட்டு நிண்டதோ?"

எனக்கு விளங்கவில்லை.

"உங்கடை வீட்டிலை அண்டைக்குச் சாமத்தியச் சடங்கு. உமக்குத்தான், நீர் பெரியபிள்ளையானதுக்கு. பனையிலை ஸ்பீக்கர் கட்டியிருந்தது. அவனை நான் தூக்கிக்கொண்டு வரேக்குள்ளை உங்கடை பாட்டுத்தான் வழியெல்லாம் கேட்டது. ஒருத்தர் வந்து நிப்பாட்டேல்லை."

"எனக்கு அப்ப பதின்மூண்டு வயசு" என்றேன்.

"இவளுக்கு இப்ப பதினாலு."

அவர் ஊசியை எடுத்துத் திரும்பவும் அதே பாட்டில் வைத்தார். கீறல் விழுந்த இடத்தில் அது துள்ளித் துள்ளி ஓடியது. அவர் ஆடினார். பிள்ளை அழுதபடி அவரோடு ஆடினாள். அக்கா குசினிக்குள் போய்விட்டாள். நான் வெளியே இறங்கி, இரண்டு பக்கமும் கடுகு மஞ்சளாகப் பூத்துக்கிடந்த தெருவால் வீடுவரை நடந்தேன். என் மீது எனக்குப் பரிதாபம் வரவில்லை, அவர் மீதும் வரவில்லை. சடங்குப் படங்களில் என் பின்னால் நிற்கும் பெரியவர்களின் முகங்களை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். எல்லோரும் கமெராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அடுத்த நாள் சைக்கிளில் வேலைக்குப் போய்ப் பிந்திச் சேர்ந்தேன். போர் முடிந்துவிட்டது என்று அன்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் பகுதியில் வேலை செய்த ஒரு டேனிஷ்காரர், நல்ல மனிதர், முதலில் என்னிடமும் பிறகு அத்தானிடமும் வந்து கைகொடுத்தார். "தில்லுக்கே" என்றார். வாழ்த்துகள் என்று அர்த்தம். உங்கள் நாட்டில் இனிச் சமாதானம்தானே என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அத்தான் குனிந்து கண்ணாடிநார்த் துணியை விரித்துக்கொண்டிருந்தவர், நிமிராமலே "தக்" என்றார். நன்றி. பழக்கதோஷத்தில் வந்த சொல்லாக இருக்கலாம். நான் அதை அப்படி எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் ஒருவரையொருவர் பார்ப்பதையே விட்டோம். உணவறையில் அவர் வந்தால் நான் எழும்புவேன்.

பல வாரங்கள் கழித்து ஒரு பின்னேரம் என் வீட்டு மணி அடித்தது. அத்தான் நின்றார். மழையில் நனைந்திருந்தார்.

"உம்மடை தம்பி போன் எடுத்தவன். முகாமிலை நிக்கிறான். காலிலை காயமாம், ஆனா ஆள் இருக்கிறான்."

"உங்களுக்கோ எடுத்தவன்?"

"அவனுக்கு என்ரை நம்பர்தான் பாடமாம்."

கதவைப் பிடித்தபடி நின்றேன். வேறென்ன சொன்னான் என்று கேட்டேன். அழுதான் என்றார். நான் உள்ளே வாருங்கள் என்று கூப்பிடவில்லை. அவரும் அதற்காகக் காத்து நிற்கவில்லை.

"சரி, வாறன்" என்று படியிறங்கிப் போனார்.

அந்த மாரிக்குள் நான் லைசென்ஸ் எடுத்தேன்.