நீச்சல் தெரியும் என்றொரு டிக்

புது லைஃப் ஜாக்கெட்டுக்கு ஒரு நெடி உண்டு. புதுப் பள்ளிக்கூடப் பையைத் திறந்ததும் வருமே, ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை, அதோடு மழைக்கோட்டுக்குள்ளே இருக்கும் புழுக்கத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் அந்த நெடி வந்துவிடும். இன்றைக்கும் செருப்புக் கடைக்குள் நுழையும்போது அது மூக்கில் ஏறினால் என் அடிவயிறு ஒருமுறை புரண்டு அடங்குகிறது. கூட வந்தவர்கள் எனக்கு உடம்பு முடியவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, பதினான்கு வயதில் பட்ட பயம் இன்னும் போகவில்லை, அவ்வளவுதான்.

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில், கடலைப் பார்த்த கடைசி வரிசையில் இருந்தது. தினம் பஸ்ஸில் வந்துபோக முடியாது என்பதால் விடுதியில் தங்கிப் படித்தேன். பள்ளியில் மற்ற பெண்கள் எல்லாரும் ஒலக்கூர்ப் பக்கமும் திண்டிவனத்தைச் சுற்றியும் உள்ள விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். கடற்கரையிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். அதனால் வகுப்பில் என் பெயர் அஞ்சலை என்பதைவிட "கடல்காரப் பொண்ணு" என்பதுதான் அதிகம் புழங்கியது.

அந்த வருஷம் புதுச்சேரியில் இருந்த ஒரு படகுக் குழு எங்கள் பள்ளியைத் தேடி வந்தது. பன்னிரண்டு மாணவிகளைப் பெரிய பாய்மரப் படகு ஒன்றில் ஏற்றி, கரையோரமாகவே மரக்காணம் வரை மூன்று நாள் கூட்டிக்கொண்டு போய்வருவார்களாம். காற்றின் திசையைக் குறித்துக்கொள்வது, தண்ணீரை எடுத்துச் சோதிப்பது, பறவைகளை எண்ணுவது என்று ஒரு நோட்டு நிறைய வேலைகள் இருந்தன. அதற்கு ஆறு வாரம் பயிற்சி. விளையாட்டு ஆசிரியை விமலா மிஸ் பேர் கேட்டபோது முதலில் கை தூக்கியது நான்தான்.

ஏன் தூக்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குப்பத்தில் பெண்கள் படகில் ஏறமாட்டார்கள். மீனைக் கூடையில் சுமக்கலாம், வலையில் சிக்கிய குப்பையைப் பொறுக்கலாம், ஏலத்தில் நின்று குரல் உயர்த்திச் சண்டை போடலாம், ஆனால் படகில் கால் வைக்கக் கூடாது, விரித்துக் கிடக்கிற வலையையோ கயிற்றையோ தாண்டவும் கூடாது. ஆண்கள் எல்லாரும் எங்கள் வீட்டைக் கடலிலிருந்து பார்த்திருக்கிறார்கள். வீட்டை ஒட்டி நின்ற இரட்டைப் பனைதான் அவர்களுக்குக் கரை சேர அடையாளம். அம்மா ஒருநாளும் அதை அங்கிருந்து பார்த்ததில்லை. நான் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இரட்டைப் பனைக்குக் கீழே எங்கள் வீடு தீப்பெட்டி அளவில் தெரிவதை நினைத்து நினைத்து நான் தூங்காமல் கிடந்ததுண்டு.

ஆசைப்பட்டதெல்லாம் சரிதான். எனக்கு நீச்சல் தெரியாது. கடலில் கால் நனைத்திருக்கிறேன், முட்டிவரை இறங்கியிருக்கிறேன், அதற்கு மேல் போனால் அம்மா முடியைப் பிடித்து இழுத்துவந்து முதுகில் ஒன்று வைப்பாள். பையன்களுக்கு யாரும் சொல்லித்தராமலே வந்துவிடுகிற நீச்சல், பெண் பிள்ளைகளுக்கு வர வேண்டிய தேவையே எங்கள் கரையில் இல்லை.

இதை மிஸ்ஸிடம் சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவே இல்லை. ஏரிக்கரையில் நீச்சல் சோதனை நடந்த அன்று, தண்ணீருக்குள் ஊன்றிய மூங்கிலைத் தொட்டுவிட்டு ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்தார்கள். கிணற்றில் குதித்துப் பழகிய ஒலக்கூர்ப் பெண்கள் சளைக்காமல் அடித்தார்கள். என் முறை வந்ததும் நான் துப்பட்டாவை அவிழ்த்துக்கொண்டு முன்னே போய் நின்றேன். விமலா மிஸ் பட்டியலைப் பார்த்துக்கொண்டே, "அஞ்சலைக்கு எதுக்குடி டெஸ்ட்டு? நீ போய் அந்தக் கயித்தச் சுத்தி வை" என்று சொல்லிவிட்டு என் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டார். பட்டியலிலேயே பெரிய டிக் அதுதான். எனக்கு அந்த நேரத்தில் உயிர் வந்தது. வந்த உயிர் அன்று சாயங்காலத்துக்குள் போய்விட்டது.

பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய அனுமதிக் கடிதத்தோடு வீட்டுக்குப் போனபோது அப்பா ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம போட்டுலதான் பொம்பள ஏறக் கூடாது. இது பள்ளிக்கூடத்துப் போட்டு, அதுக்கு நம்ம சட்டம் செல்லாது" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நீச்சலைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் என்பது அவர் நினைப்பு. வீட்டிலேயே கற்றிருப்பாள் என்பது பள்ளியின் நினைப்பு. அம்மா மட்டும் மீன் அரிந்துகொண்டே தலை நிமிராமல், "ஒனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டியா?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். அம்மாவிடம் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, அதுவும் பயமாக இருந்தது.

படகில் இரண்டிரண்டு பேராக "ஜோடி" பிரிப்பார்கள், ஒருத்தியை ஒருத்தி கண்ணைவிட்டு அகலவிடக் கூடாது. எனக்கு ஜோடி மேகலா. ஒலக்கூருக்குப் பக்கத்துக் கிராமம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற குடும்பம். மண்டை நிறையக் குறும்பு, வாய் ஓயாது. கடல் எப்படியிருக்கும் என்று அவள் அதுவரை பார்த்ததே இல்லை. அவள் அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்று இரண்டு வாரம் பிடிவாதம் பிடித்துவிட்டு, ஒருநாள் விடுதி வாசலுக்கே வண்டியில் வந்துவிட்டார். கை நிறைய அவித்த மல்லாட்டை.

"நீ கூட இருக்கேன்னுதாம்மா கையெழுத்துப் போட்டேன்" என்றார். "எங்க பொண்ணு கெணத்துல குதிக்கிறவ. கடலு அவளுக்குப் புதுசு. நீ பாத்துக்கினு போய் பாத்துக்கினு வரணும்."

நான் தலையாட்டினேன். அவர் போனபிறகு அந்த மல்லாட்டையை என்னால் ஒன்றுகூட உரித்துத் தின்ன முடியவில்லை. அதுவரை மூழ்கினால் நான் மூழ்குவேன் என்கிற பயம் மட்டும்தான் இருந்தது. இனி இன்னொருவர் பெண்ணும் என் கணக்கில்.

தெரியாது என்பதற்கான அடையாளங்களே தெரியும் என்பதற்குச் சாட்சியாகப் போனதுதான் கொடுமை. பள்ளி வராந்தாவில் முடிச்சுப் போடும் பயிற்சி நடக்கும்போது தரையெல்லாம் கயிறாகக் கிடக்கும். மற்றவர்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். நான் பழக்க தோஷத்தில் வராந்தாவை விட்டு இறங்கி, வெயிலில் சுற்றிக்கொண்டு வருவேன். புதுச்சேரியிலிருந்து பயிற்சி தர வந்த கோச் அக்கா அதைக் கவனித்துவிட்டு, கயிற்றை மதிக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். காற்று எந்தப் பக்கம் என்று கேட்டால் வாடை, கொண்டல், கச்சான் என்று நான் சொல்லிவிடுவேன். அப்பா தினம் வாசலில் நின்று சொல்வதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது பெரிய வித்தையா? அன்றிலிருந்து நான்தான் குழுத் தலைவி.

கடைசி வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை கவிழ்த்துப் பழகும் பயிற்சி. சின்னப் படகில் ஜோடியாக ஏறி, ஏரி நடுவில் வேண்டுமென்றே படகைக் கவிழ்க்க வேண்டும். விதி ஒன்றே ஒன்று, என்ன ஆனாலும் படகை விடக் கூடாது. லைஃப் ஜாக்கெட் எல்லாம் பெரியவர்கள் அளவு. வாரை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீரில் அது காதுவரை ஏறி வந்துவிடும். முந்தின இரவு முழுக்கக் காய்ச்சல் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன், வரவில்லை.

படகு சாய்ந்தது மட்டும் நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்தபோது நான் படகின் பாய்க்கு அடியில் இருந்தேன். தலைக்கு மேல் ஈரத் துணி, அதைத் தாண்டி மங்கலாக ஒரு வெளிச்சம். மூச்சு எடுக்க வாயைத் திறந்தேன், தண்ணீர்தான் வந்தது. காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. கையில் ஏதோ கயிறு தட்டுப்பட்டது. பிடித்தேன். அதைப் பிடித்தே எப்படியோ வெளியே வந்து, கவிழ்ந்த படகின் விளிம்பைக் கட்டிக்கொண்டேன். கோச் அக்கா விசில் ஊதியும் விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் என்னை எடுத்தார்கள்.

மேகலாவோ விழுந்த வேகத்தில் கரையைப் பார்த்து நீந்திப் போய்விட்டாள். கிணற்றில் பழகியவள் விழுந்ததும் படியைத்தானே தேடுவாள். கோச் அக்கா அவளை நன்றாகத் திட்டினார். கடலில் கரை எங்கே இருக்கும், படகை விட்டுப் போனால் யார் தேடுவது என்று கேட்டார். அப்புறம் என்னைக் காட்டி, இவளைப் பார், கடைசிவரை படகை விடவில்லை, இதுதான் பயிற்சி என்றார். பெண்கள் கை தட்டினார்கள். பல் கிட்டிக்கொண்டு நடுங்கிய எனக்கு, குளிரில் நடுங்குகிறாள் என்று துண்டு போர்த்தினார்கள். மேகலா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பன்னிரண்டு பேரில் நன்றாக நீந்தத் தெரிந்தவள் அவள். அவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நீந்தத் தெரியாத என்னிடம்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மேகலாவின் அப்பா பள்ளிக்கு வந்தார். ஏரியில் நடந்ததை அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். மாட்டுக்குக் கட்டுகிற புதுக் கயிறு ஒன்றை இரண்டு முழத்துக்கு அறுத்து, இரண்டு பக்கமும் சுருக்குப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கோச் அக்காவும் விமலா மிஸ்ஸும் பக்கத்தில் இருக்க, அதை என் கையில் கொடுத்தார்.

"ஒன் கைய ஒரு பக்கம், அவ கைய ஒரு பக்கம் மாட்டிக்கோம்மா. அவ எங்கனா ஓடினாலும் நீ இழுத்துக்கினு வந்துடுவ."

நான் கயிற்றைப் பார்த்தேன். அந்தச் சுருக்கில் என் கையை நுழைத்தால் அவளை நான்தான் கீழே இழுத்துக்கொண்டு போவேன். அதுவரை எங்கேயோ அடைத்துக்கொண்டிருந்த சொல் தானாக வெளியே வந்தது.

"எனக்கு நீச்சல் தெரியாது அங்கிள்."

விமலா மிஸ் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கோச் அக்கா பட்டியலை வாங்கி என் பெயருக்கு நேரே இருந்த டிக்கை வெகுநேரம் பார்த்தார். மேகலாவின் அப்பா கோபப்படவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. கயிற்றை என் கையிலிருந்து எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "யாருக்குத் தெரியும் யாருக்குத் தெரியாதுன்னே ஒங்களுக்குத் தெரியலீங்க, எந்த நம்பிக்கையில அனுப்புறது?" என்று மிஸ்ஸிடம் கேட்டார். மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

வண்டியில் ஏறும் முன் மேகலா என்னிடம் வந்தாள். அழுது முடித்த கண்.

"நீ வாய மூடிக்கினு இருந்திருந்தா நான் கடலப் பாத்திருப்பேன்" என்றாள்.

அதற்குப்பிறகு பள்ளி முடியும்வரை அவள் என்னோடு பேசவில்லை. என்னையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மீதிப் பத்துப் பேர் போனார்கள், பத்துப் பேரும் கறுத்துப்போய், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். மூன்று நாளும் கடல் அசையவே இல்லையாம். நான் சொல்லாமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் தோன்றுகிறது. அது ஆறுதலாகவும் இல்லை.

இப்போது எங்கள் வீடு இல்லை. கடல் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து கடைசி வரிசையை எடுத்துக்கொண்டது. இரட்டைப் பனையும் போனது, அந்த இடத்தில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அடையாளத்துக்குப் பனை வேண்டியதில்லை என்கிறார் அப்பா, போனைப் பார்த்தே எல்லாரும் கரை சேர்ந்துவிடுகிறார்கள். கடலிலிருந்து எங்கள் வீடு எப்படித் தெரிந்தது என்பதை நான் இனிப் பார்க்க முடியாது.

விழுப்புரத்தில், கோலியனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். போன மாதம் அதே மாதிரி ஒரு பாய்மரப் பயணத்துக்கான சுற்றறிக்கை வந்தது. சக ஆசிரியர் ஒருவர் பட்டியல் தயாரித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், அவள் பெயர்தான் முதலில். நீச்சல் தெரியும் என்ற கட்டத்தில் அவளுக்கு மட்டும் டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது.

அவளைக் கூப்பிட்டு, நீச்சல் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் மிஸ் என்று உடனே சொன்னாள். கால்விரல்கள் மட்டும் தரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.

"எனக்குத் தெரியாது" என்றேன். "நானும் கடற்கரைக்காரிதான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எனக்கும் தெரியாது மிஸ் என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

அவள் பெயருக்கு நேரே இருந்த டிக்கைக் கோடு போட்டு அடித்தேன். பட்டியலின் அடியில், முதலில் நீச்சல் கற்க வேண்டியவர்கள் என்று எழுதி அவள் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே என் பெயரையும் எழுதினேன்.