திருப்பிச் சொல்லு சிஸ்டர்

சிறை ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது யாருக்கு வேண்டும்? காவலர்களுக்கு அவள் 'திருப்பிச் சொல்லு சிஸ்டர்'. முதுகுக்குப் பின்னால்தான், முகத்துக்கு நேரே சொல்ல எவனுக்கும் தைரியம் கிடையாது.

மூளை வளர்ச்சி குறைந்த கைதிகள் அங்கே கொஞ்ச நஞ்சமில்லை. "என்னடா, புரிஞ்சுதா?" என்று அதட்டினால் தலையை ஆட்டுவார்கள். ஆட்டிவிட்டு வேறு எதையாவது செய்து வைப்பார்கள். திமிர் என்று முதுகில் அடி விழும். அந்த முதுகுகளுக்கு மருந்து போட்டுப் போட்டு அலுத்தவள், ஒருநாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு நேரே கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள். ஒற்றைக் காலில் நின்று உத்தரவு வாங்கினாள். இவர்களிடம் இனி யாரும் 'புரிஞ்சுதா' என்று கேட்கக் கூடாது. சின்னச் சின்னதாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லும்வரை விடக் கூடாது. டாக்டர்கள் வருவதும் மாற்றலாகிப் போவதுமாக இருக்க, காவலர்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்தது அவள்தான்.

வீட்டிலும் அதே கூத்து. "உப்பு வாங்கிட்டு வர்றதுக்குமா திருப்பிச் சொல்லணும்?" என்று பஸ் ஓட்டும் புருஷன் எரிந்து விழுவான்.

"போன வாரம் சர்க்கரையோட வந்து நின்னது யாரு?"

மனுஷன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

ஆஸ்பத்திரி வார்டில் 'சரிங்க' என்று ஒருவன் இருந்தான். வாட்டசாட்டமான ஆள். எதைக் கேட்டாலும் சரிங்க. கூட்டாளிகள் "வாசல்ல நில்லுடா" என்றார்கள். சரிங்க என்று நின்றான். அவர்கள் திருடிக்கொண்டு ஓடிவிட்டார்கள், இவன் நின்றுகொண்டே இருந்தான். "பூட்டை உடைச்சது நீதானே?" என்று போலீஸ் கேட்டது. அதற்கும் சரிங்கதான். பாவி, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை வருஷம்.

அவனுக்கு இன்னொரு வார்த்தை கற்றுக்கொடுக்க அவள் படாத பாடு பட்டாள்.

"புரியலைன்னா புரியலன்னு சொல்லு."

"அடிப்பாங்க சிஸ்டர்."

"அடிக்க மாட்டாங்க. நான் இருக்கேன்ல."

மாதக்கணக்கில் ஆயிற்று. ஒருநாள் தலைமைக் காவலர் ஏதோ சொல்ல, "புரியல" என்றான். காவலர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நிதானமாகச் சொன்னார். அவளுக்கு வந்த சந்தோஷத்தில், மருந்து அலமாரிப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தண்டனை முடியும் முன்பே விடலாமா என்று பார்க்கும் முன்விடுதலை விசாரணை அவனுக்கு வந்தது. தேறினால் அன்றைக்கே வீடு. அவன் அம்மா புதுச்சட்டையோடு வெளிவாசலில் உட்கார்ந்திருந்தாள். குழுவில் மூன்று பேர், மூவரும் வெளியாட்கள். அவர்களிடம் முன்கூட்டியே கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று இவள் கெஞ்சிப் பார்த்தாள். நேரமில்லையாம். டீ குடிக்க மட்டும் நேரம் இருந்தது.

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "உன் செயலால பாதிக்கப்பட்டவங்களோட மனநிலையை நீ உணர்ந்திருக்கியா?"

அவன் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தான். நிமிர்ந்து நின்றான்.

"புரியல."

"செஞ்சது தப்புன்னுகூடவா உனக்குப் புரியல?"

"புரியல."

அவள் துள்ளி எழுந்தாள். "ஐயா, நீங்க கேட்டதுதான் புரியலைங்கறான். சின்னதாக் கேளுங்க, பதில் சொல்லுவான்."

"உங்க அறிக்கையைப் படிச்சாச்சு சிஸ்டர். அவனுக்காக நீங்க பேச வேண்டாம். உட்காருங்க."

பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "துளி வருத்தமும் இல்லை" என்றார் தலைவர். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று முடிந்தது. அவள் தன்னையே நொந்துகொண்டாள். 'சரிங்க' என்றே சொல்ல விட்டிருந்தால் பையன் இந்நேரம் புதுச்சட்டை போட்டிருப்பானே!

நடைபாதையில் அவன் முகமெல்லாம் சிரிப்பாக அவள் பின்னாலேயே வந்தான்.

"ரெண்டு தடவை சொன்னேன் சிஸ்டர். அடிக்கவே இல்ல!"

"ஆமாடா. நல்லா சொன்னே."

"வீட்டுக்குப் போலாமா?"

கூட வந்த காவலர் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவள் அவனைப் பெஞ்சில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு வீட்டுக்குப் போகல. திருப்பிச் சொல்லு."

"நாளைக்குப் போறேன்."

அப்படியே விட்டுவிடலாமா என்று இருந்தது அவளுக்கு. சரியாகச் சொல்லும்வரை விடக் கூடாது என்று ஊரையே ஆட்டிவைத்தவள் அவள்தானே.

"நாளைக்கும் இல்ல. இந்த வருஷம் இல்ல. அம்மா தனியாத்தான் போவாங்க. திருப்பிச் சொல்லு."

அவன் சிரிப்பு நின்றது. வெளிவாசல் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தான்.

"திருப்பிச் சொல்லுடா, கண்ணு."

"புரியல சிஸ்டர்," என்றான். "எனக்குப் புரியல."